ஒரு கல்லுக்கு இரண்டு தேதி

சால்ட் லேக் சிட்டியில் பெரும்பாலான தெருக்களுக்குப் பெயர் கிடையாது, எண்தான். நகரின் நடுவே டெம்பிள் ஸ்கொயர் என்ற, மார்மோன் சமயத்தாரின் கோயில் வளாகம். அதன் தென்கிழக்கு மூலையிலிருந்துதான் எண்ணிக்கை தொடங்குகிறது. அங்கிருந்து கிழக்கே ஒன்பது தெருவும் தெற்கே ஒன்பது தெருவும் தள்ளியிருக்கும் நாற்சந்தி 900 கிழக்கு, 900 தெற்கு. உள்ளூர்க்காரர்கள் அந்தப் பேட்டையையே ‘ஒன்பதும் ஒன்பதும்’ என்றுதான் அழைக்கிறார்கள். 1847 ஆகஸ்டில் ஆர்சன் பிராட் என்ற மார்மோன் திருத்தூதர் இந்த மூலையை வைத்தே நகரை அளக்கத் தொடங்கினார். மனைக்கட்டம் ஒவ்வொன்றும் பத்து ஏக்கர், தெருவின் அகலம் 132 அடி. 1855இல் அமெரிக்க அரசின் தலைமை நில அளவையாளர் டேவிட் பர் அதே மூலையில் ஒரு மணற்கல்லை நட்டார். யூட்டா மாநிலத்து நிலத்தின் பெரும்பகுதி இன்றும் பத்திரங்களில் அந்தக் கல்லைத் தொட்டே அளந்து சொல்லப்படுகிறது. அந்தக் கல் யாரையும் புகழவில்லை, எந்தக் கதையும் சொல்லவில்லை. அதற்கு ஒரு வேலை இருந்தது, அதைச் செய்தது. வெயிலும் பனியும் தின்றதில் மூலக்கல் தேய்ந்துபோக, இப்போது அந்த இடத்தில் நிற்பது அதன் நகல். கல் மாறியும் முகவரிகள் மாறவில்லை.

இந்தக் கல்லை முதலில் சொல்வதற்குக் காரணம், அந்த நகரத்தின் மற்ற நினைவுக்கற்கள் அநேகமாக எல்லாமே இதற்கு நேர்மாறானவை என்பதுதான். முனைக்கு முனை வெண்கலப் பலகைகள், பீடங்கள், சிலைகள். எல்லாவற்றின் முகத்திலும் 1847, 1848, 1853 என்று பழைய ஆண்டுகள். பலகையின் அடியிலோ ஓரத்திலோ சிறிய எழுத்தில் இன்னோர் ஆண்டு இருக்கும்: 1897, 1913, 1933, 1947. வழிப்போக்கர் முதல் ஆண்டைப் படித்துவிட்டு நகர்ந்துவிடுவார். ஆனால் அந்தக் கல் உண்மையில் எதற்குச் சாட்சி என்று கேட்டால், இரண்டாவது ஆண்டுக்குத்தான். 1847இல் நடந்தது என்ன என்பதை அது ஓரளவுக்குத்தான் சொல்லும்; 1933இல் வாழ்ந்தவர்கள் 1847ஐ எப்படி நினைக்க விரும்பினார்கள் என்பதை முழுமையாகச் சொல்லிவிடும். இந்த நகரத்தின் நினைவுச் சின்னங்களைக் குடியேறியவர்களின் கையெழுத்தாகப் படிக்காமல், அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் கையெழுத்தாகப் படிக்க வேண்டும் என்பதே என் வாதம். அப்படிப் படித்தால் அவற்றின் மதிப்பு குறையாது. அவை வேறொரு காலத்தின் ஆவணமாகிவிடும், அவ்வளவுதான்.

நகரத்தின் பிறந்தநாளிலிருந்தே பார்க்கலாம். ஜூலை 24 யூட்டா மாநிலத்துக்கு விடுமுறை, முன்னோடிகள் தினம். 1847இல் அந்தத் தேதியில்தான் மார்மோன் தலைவர் பிரிகாம் யங் மலையிறங்கிப் பள்ளத்தாக்குக்குள் வந்தார். ஆனால் பிராட்டும் எராஸ்டஸ் ஸ்னோவும் 21ஆம் தேதியே வந்து பார்த்துவிட்டார்கள். முன்னணிக் கூட்டத்தின் பெரும்பகுதி 22ஆம் தேதி உள்ளே வந்துவிட்டது. 23ஆம் தேதி ஓடையை மறித்துத் தண்ணீரைத் திருப்பி நிலத்தை நனைத்து உழவையும் தொடங்கியாயிற்று. தலைவர் வந்து சேர்ந்தபோது ஊர் தொடங்கி ஒரு நாள் ஆகியிருந்தது. காய்ச்சலில் துவண்டு வில்ஃபோர்ட் உட்ரஃபின் வண்டியில் படுத்துவந்த யங், எமிக்ரேஷன் கணவாயின் வாயில் எழுந்து பள்ளத்தாக்கைப் பார்த்து, இதுதான் சரியான இடம், வண்டியை விடு என்று சொன்னதாக ஒவ்வொரு பள்ளிக்குழந்தைக்கும் அங்கே தெரியும். அந்த வாசகத்தின் பெயராலேயே 1947இல், நூற்றாண்டு விழா நாளன்று, 60 அடி உயர நினைவுச்சின்னம் திறக்கப்பட்டது; வடித்தவர் யங்கின் பேரன் மகோன்ரி யங். ஆனால் உட்ரஃப் விடாமல் நாட்குறிப்பு எழுதியவர். தலைவர் பள்ளத்தாக்கைப் பார்த்து மனநிறைவு கொண்டார் என்று அன்றைய குறிப்பில் எழுதியவர், அந்தப் புகழ்பெற்ற வாக்கியத்தை எழுதவில்லை. அது முதன்முதலில் தலைகாட்டுவது 1880இல், 33 ஆண்டுகள் கழித்து, அவரே ஒரு முன்னோடிகள் தின விழாவில் பேசும்போது. அவர் பொய் சொன்னார் என்று நான் சொல்லமாட்டேன். நினைவு அப்படித்தான் பழுக்கும். ஆனால் பீடத்தின் மேல் ஏறியிருப்பது 1847இன் குரல் இல்லை, 1880இன் குரல்.

முன்னோடி என்ற சொல்லும் கொஞ்சம் தொல்லை கொடுக்கிறது. தமிழில் அதன் பொருள் ஒளிவு மறைவற்றது: முன்னால் ஓடியவர். அப்படிப் பார்த்தால் வாசாச் மலைக்குள் வண்டிப்பாதை வெட்டியவர்கள் மார்மோன்கள் அல்லர். முந்தைய ஆண்டு, 1846 ஆகஸ்டில், கலிஃபோர்னியாவுக்குப் போன டானர்–ரீட் கூட்டத்தார். புதர் வெட்டிப் பாறை புரட்டியே அவர்களுக்கு இரண்டு வாரத்துக்கும் மேல் போனது. தாமதத்தின் விலையை அந்தக் குளிர்காலத்தில் சியரா நெவாடாவின் பனியில் உயிராகக் கொடுத்தார்கள். கடைசி மைலில் வெட்ட முடியாமல் சலித்துப்போய் அவர்கள் மாடுகளைச் செங்குத்தாக மேட்டில் ஏற்றிய இடத்தை, மறு ஆண்டு வந்த மார்மோன்கள் சில மணி நேரம் வெட்டிச் சுற்றிக்கொண்டு கடந்தார்கள். 1947 நினைவுச்சின்னத்தில் டானர் கூட்டத்துக்கும் இடம் உண்டு, 1776இல் அந்தப் பக்கம் வந்த ஸ்பானியப் பாதிரிமார்களுக்கும், தோல் வணிகத்துக்கு விலங்கு பிடித்தவர்களுக்கும் உண்டு. ஆனால் எல்லோரும் நடுத்தூணின் மேல் நிற்கும் மூவருக்கு முன்னுரை போலக் கீழே அமைந்திருக்கிறார்கள். அந்த 1847 ஜூலையில் அந்த மண் அமெரிக்காவுக்கே சொந்தமில்லை, சட்டப்படி மெக்சிகோவினுடையது என்பதும் கவனிக்க வேண்டியது. அது கைமாறியது 1848 பிப்ரவரி ஒப்பந்தத்தில்.

இரண்டு தேதிகளுக்கும் இடையே எவ்வளவு தூரம் விழக்கூடும் என்பதற்கு மிகத் தெளிவான சான்று 600 கிழக்குத் தெருவில் இருக்கிறது. 1933இல் யூட்டா முன்னோடிகளின் மகள்கள் சங்கம் அங்கே தூண்களும் கூரையுமாக ஒரு சிறு மண்டபம் கட்டி, நடுவில் பட்டுப்போன ஒரு மரத்தண்டை நிறுத்தியது. தனிச் சீடர் மரம். அங்கே சீடர் என்று சொல்வது ஜூனிப்பர் வகைதான். மரமே இல்லாத பாலையில் ஒற்றை மரமாக நின்றது, வந்தவர்கள் அதன் நிழலில் இளைப்பாறினார்கள் என்பது கதை. ஆனால் வந்தவர்கள் எழுதிவைத்தது வேறு. முதல் கூட்டத்தின் எழுத்தர் வில்லியம் கிளேட்டன் 22ஆம் தேதி குறிப்பில் வளமான மண்ணையும் உயர்ந்து வளர்ந்த புல்லையும் சொல்கிறார். மரம் குறைவு என்று வருந்துகிறார். தரையெல்லாம் ஊர்ந்த பெரிய கறுப்புப் பூச்சிகளையும் சொல்கிறார். மரம் குறைவு வேறு, ஒற்றை மரம் வேறு. ஓடைக்கரைகளில் மரங்கள் இருந்தன. பள்ளத்தாக்கு வெறும் பாலை என்ற சித்திரம் முதலில் வந்தவர்களின் நாட்குறிப்பில் பிறந்ததல்ல. பத்து வருடம் பாடுபட்டு முளைக்க வைத்த பிறகு, பிரசங்க மேடையில், திரும்பிப் பார்த்துச் சொன்னபோது வளர்ந்தது. பின்னால் நிற்கும் தோட்டம் எவ்வளவு பச்சையோ, முன்னால் இருந்த நிலம் அவ்வளவு வறண்டதாக இருக்க வேண்டும் அல்லவா?

1958 செப்டம்பரில் ஓர் இரவு யாரோ வந்து அந்தத் தண்டை அறுத்துப்போட்டார்கள். ஊர் கொதித்தது. அதைவிடப் பெரிய கொதிப்பு, அந்த மரத்துக்கு வரலாற்று முக்கியத்துவமே கிடையாது, கதையே புனைவு என்று மாநில வரலாற்றுக் கழகத்தின் பொறுப்பில் இருந்தவர் வெளிப்படையாகச் சொன்னபோது கிளம்பியது. மகள்கள் சங்கம் விட்டுக்கொடுக்கவில்லை. மரம் வெட்டப்பட்டதையும் சேர்த்து எழுதி இன்னொரு பலகையை அங்கே வைத்தது. இப்போது அந்த மண்டபத்தில் மரத்தின் அடிக்கட்டைதான் மிச்சம். என் கணக்கில் நகரத்திலேயே மிக நேர்மையான நினைவுச்சின்னம் அதுதான். 1847ஐப் பற்றி அது சொல்வது கொஞ்சம். 1933இல் ஒரு சங்கத்துக்கு என்ன தேவைப்பட்டது, 1958இல் அதன்மேல் யாருக்கு என்ன கோபம், அதற்குப் பிறகு நம்பிக்கை எப்படித் தன்னைத் தற்காத்துக்கொண்டது என்பதெல்லாம் அங்கே படித்தறியக் கிடைக்கிறது.

டெம்பிள் ஸ்கொயருக்குள் 1913இல் எழுப்பிய கடற்புறாத் தூணும் இதே ரகம். 1848இல் முதல் விளைச்சலைப் பூச்சிக்கூட்டம் தின்னத் தொடங்க, வானத்திலிருந்து கடற்புறாக்கள் வந்து பூச்சிகளைத் தின்று பயிரைக் காத்தன என்பது அற்புதக் கதை. கடற்புறா இன்று அந்த மாநிலத்தின் பறவை. 1970இல் வில்லியம் ஹார்ட்லி என்ற மார்மோன் வரலாற்றாசிரியரே அந்த ஆண்டின் குறிப்புகளைத் தேடிப் பார்த்தார். புறாக்கள் வந்தது உண்மை. சிலர் எழுதியும் வைத்திருக்கிறார்கள். ஆனால் உறைபனியும் வறட்சியும் அதே அளவுக்கு அடித்திருக்கின்றன, பயிர் முழுதாகத் தப்பவில்லை, தலைமை வெளியிட்ட அறிக்கைகள் இதை ஓர் அற்புதமாகப் பேசவில்லை. பறவைகள் தின்றதைக் கக்கிக் கக்கித் தின்றன என்பது கதையில் அதிசயம். செரிக்காத ஓட்டைக் கக்குவது கடற்புறாவின் அன்றாட வழக்கம். இதிலெல்லாம் எனக்குச் சுவையாகப் படுவது வேறொன்று. குடியேறியவர்களுக்குச் சாபமாகத் தெரிந்த அந்தப் பூச்சி, அந்த மண்ணின் யூட், கோஷூட் மக்களுக்கு உணவு. சேர்த்து வறுத்து இடித்து வைத்துக்கொள்வார்கள். அந்தத் தூணில் புறாவுக்குப் பொன் பூசியிருக்கிறது. பூச்சியைத் தின்ற மக்களுக்கு அந்தக் கதையில் வேலையே இல்லை.

இப்படி ஒரு கதை, ஒரே சாயலில், 1897க்கும் 1947க்கும் இடையே கல்லிலும் வெண்கலத்திலும் ஏன் ஏறிக்கொண்டே போனது? முதுமைதான் காரணம், நேரில் பார்த்தவர்கள் இறந்துகொண்டிருந்தார்கள் என்பது எளிதான விடை. அது பொய்யில்லை, ஆனால் போதாது. 1857இல் மார்மோன்களை அடக்க வாஷிங்டனிலிருந்து சுமார் 2,500 படையினர் அனுப்பப்பட்டார்கள். பலதார மணம் அந்தத் திருச்சபையின் கொள்கை என்று 1852இல் பகிரங்கமாக அறிவிக்கப்பட்டிருந்தது; நாடு முழுக்க அது அடிமை முறைக்கு இணையான அநாகரிகமாகப் பேசப்பட்டது. 1887 சட்டம் திருச்சபையின் சட்டப்பூர்வ உரிமத்தையே ரத்துசெய்து சொத்தைப் பறித்தது. 1890இல் தலைவர் உட்ரஃப், அதே உட்ரஃப், பலதார மணத்தை நிறுத்தும்படி அறிக்கை வெளியிட்டார். 1896 ஜனவரியில் யூட்டா மாநிலமானது. அடுத்த ஆண்டே, 1897 ஜூலையில், ஐம்பதாம் ஆண்டு விழாவில் பிரிகாம் யங்கின் சிலை திறக்கப்பட்டது. இந்த வரிசையைப் பார்த்தால் முன்னோடி என்ற சொல்லின் பயன் புரியும். பல மனைவிகளின் கணவரை அமெரிக்கா ஏற்காது. காட்டு வழியே வண்டி ஓட்டிவந்து நிலத்தைத் திருத்தியவரை மறுக்கவும் மாட்டாது. மதத்தால் அந்நியராக இருந்தவர்கள் உழைப்பால் உறவினரானார்கள். 1856இல் கட்டிய லயன் ஹவுஸின் மாடியில் வரிசையாகத் தெரியும் கூம்புச் சன்னல்கள் யங்கின் மனைவியரும் பிள்ளைகளும் வாழ்ந்த அறைகளுடையவை. ஆனால் நகரம் தன் கையிலெடுத்து உலகுக்குக் காட்டிய அடையாளம் அந்த வீடு இல்லை. கைவண்டியை இழுத்துவரும் ஒரே ஒரு கணவன், ஒரே ஒரு மனைவி, அவர்களுடைய குழந்தைகள்.

அந்த அடையாளத்துக்கு வேலியும் போட்டார்கள். 1901இல் தொடங்கிய மகள்கள் சங்கத்தில் சேர வேண்டுமானால், உங்கள் முன்னோர் 1869 மே 10க்கு முன் யூட்டாவுக்கு வந்தவராக இருக்க வேண்டும். அன்றுதான் பிராமன்டரி மேட்டில் இரண்டு ரயில் பாதைகளும் சேர்ந்தன. அதற்கு முன் வண்டியிலும் கால்நடையாகவும் வந்தவர்கள் ஏறத்தாழ 70,000 பேர், அவர்கள் முன்னோடிகள். மறுநாள் ரயிலில் வந்திறங்கியவர் முன்னோடி இல்லை. வந்த வழியை வைத்து மனிதரை வகைப்படுத்தும் விதி இது. தண்டவாளம் போட்ட சீனர்கள், சுரங்கத்துக்கு வந்த கிரேக்கர்கள், பண்ணைக்கும் ரயிலுக்கும் வந்த ஜப்பானியர்கள் எல்லோரும் கோட்டுக்கு அந்தப் பக்கம். சீனர்கள் வாழ்ந்த பிளம் சந்து 1950களின் தொடக்கத்தில் கார் நிறுத்துமிடத்துக்காக அழிந்தது. ஜப்பானியர் தெருவை 1960களின் பிற்பகுதியில் சால்ட் பேலஸ் அரங்கம் விழுங்கியது, ஒரு கிறித்தவ ஆலயமும் ஒரு பௌத்த ஆலயமும் தப்பின. அந்த வெற்றிடங்களைக் குறிக்கப் பெயர் பெற்ற சங்கம் எதுவும் அப்போது இருக்கவில்லை. எங்கெல்லாம் பலகை இருக்கிறது என்பதைப் போலவே எங்கெல்லாம் இல்லை என்பதும் அந்த இரண்டாவது தேதியின் சாட்சியம்தான்.

பேரப்பிள்ளைகள் கண்டவர் வாயிலிருந்தே கேட்டவர்கள், காகிதத்தைப் புரட்டும் இன்றைய ஆய்வாளரைவிட அவர்களுக்கு அதிகம் தெரியாதா என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. வாய்மொழியை எடுத்த எடுப்பில் தள்ளிவிட முடியாது; பாதை, கிணறு, வீடு இருந்த இடம் போன்றவற்றில் அவர்கள் சொன்னது பெரும்பாலும் நிற்கிறது. ஆனால் உட்ரஃப் விஷயத்தில் மோதுவது ஆய்வாளரும் சாட்சியும் அல்லர். ஒரே மனிதரின் இரண்டு வயதுகள். 40 வயது உட்ரஃபுக்கும் 73 வயது உட்ரஃபுக்கும் இடையே யாரை நம்புவது என்றால், அன்றிரவே எழுதியவரைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. இடத்தை நினைவில் வைத்திருப்பது எளிது, சொல்லை வைத்திருப்பது கடினம், பொருளை வைத்திருப்பது அதனினும் கடினம். நினைவுச்சின்னங்கள் இடத்தைக் காட்டுவதாகச் சொல்லிக்கொண்டு பொருளைத்தான் நட்டுவைக்கின்றன.

இன்னொரு கேள்வியை இவ்வளவு சுலபமாகக் கடக்க முடியாது. குறை சொல்கிறாய், சரி. அந்தச் சங்கங்கள் இல்லாவிட்டால் எது மிஞ்சியிருக்கும்? 1862இல் திறந்த சால்ட் லேக் நாடக அரங்கத்தை 1928இல் இடித்து, பின்னால் அந்த மனையில் தொலைபேசி நிறுவனம் கட்டடம் எழுப்பிய வரலாற்றைப் பார்த்தால் இந்தக் கேள்விக்கு வாய் அடைத்துப்போகும். இடித்தது வியாபாரம், அழுதது முன்னோடிகளின் மகள்கள். 1950இல் தங்கள் அருங்காட்சியகத்தைக் கட்டியபோது அந்த அரங்கத்தின் முகப்பையே மாதிரியாக வைத்துக் கட்டினார்கள். உள்ளே துணிப்பை, நூற்கும் இயந்திரம், பொம்மை, தலைமுடியில் பின்னிய அலங்காரம் என்று எந்த அரசு ஆவணக்காப்பகமும் சீண்டியிராத பொருள்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. 1859இல் யங்கின் வளாக வாசலில் ஏறிய மரக்கழுகும் அங்கேதான் இளைப்பாறுகிறது. தெருவில் இப்போது நிற்பது உலோகப் பறவை. 1866இல் முடிந்த கவுன்சில் ஹாலைக் கல் கல்லாகக் கழற்றி 1960களின் தொடக்கத்தில் மாநிலச் சட்டமன்றத்துக்கு எதிரே குன்றின்மேல் திரும்பக் கட்டியதும், 1847இன் மரவீடு ஒன்று இன்னும் நிற்பதும் இந்தப் பிடிவாதத்தால்தான். கதையில் மிகைப்படுத்தியவர்களே பொருளில் காப்பாற்றியவர்கள். இந்தக் கடனை ஒப்புக்கொள்ளாமல் அவர்களுடைய பலகைகளை மட்டும் திருத்தப் போவது நன்றிகெட்ட வேலை.

அவர்கள் எப்போதும் வெற்றியை மட்டுமே கல்லில் ஏற்றினார்கள் என்று சொல்வதும் தவறு. நகரின் தென்கிழக்கே ஷுகர் ஹவுஸ் என்று ஒரு பேட்டை. லிவர்பூலில் இயந்திரம் வாங்கி, கப்பலில் நியூ ஆர்லியன்ஸுக்கும் ஆற்று வழியே மேலேயும் கொண்டுவந்து, பிறகு காளை வண்டிகளில் சமவெளி முழுக்க இழுத்து, 1850களின் நடுவில் அங்கே பீட்ரூட் சர்க்கரை ஆலை வைத்தார்கள். ஆலை பாகு காய்ச்சியது. சர்க்கரை மட்டும் கடைசிவரை வரவில்லை. ஆனாலும் பேர் நின்றுவிட்டது. 1930இல் அதற்கு உயரமான நினைவுத்தூணும் எழுந்தது. ஒரு மூட்டை சர்க்கரைகூடத் தராத ஆலைக்குச் சிலை வைத்த ஊர் உலகில் வேறெங்காவது இருக்குமா தெரியவில்லை. பெருமிதத்திலும் இப்படிச் சிரிக்கத் தெரிந்த இடங்கள் உண்டு.

சிரிக்க முடியாத இடத்துக்கு வருவோம். சட்டமன்றத்தின் முன்னே மசசாய்ட் என்ற பழங்குடித் தலைவரின் கம்பீரமான வெண்கலச் சிலை. வடித்தவர் சைரஸ் டாலின், யூட்டாவில் பிறந்தவர், பிரிகாம் யங் சிலையையும் வடித்தவர். ஆனால் மசசாய்ட் யூட்டாக்காரர் இல்லை. கிழக்குக் கரையில் மாசசூசெட்ஸில் 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த வாம்பனோக் தலைவர், வெள்ளையர்களுக்கு உதவியவர். தன் மண்ணின் மக்களைக் கல்லில் காட்ட வேண்டிய இடத்தில் நகரம் கண்டத்தின் மறுமுனையிலிருந்து ஒருவரைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது. நகரின் வடக்கே வெந்நீரூற்றுகள் ஷோஷோனி, யூட் மக்கள் காலங்காலமாகக் கூடிய இடம். 1847–48 குளிர்காலத்தில் புதிதாக வந்த தட்டம்மையில் அங்கே பலர் மாண்டார்கள். கிழக்குக் குன்றில் 1862 அக்டோபரில் கர்னல் பேட்ரிக் கானர் டக்ளஸ் முகாமை அமைத்தார். அங்கிருந்து புறப்பட்ட படை 1863 ஜனவரி 29 அன்று வடக்கே பேர் ஆற்றங்கரையில் குளிர்காலம் கழித்துக்கொண்டிருந்த ஷோஷோனி மக்களைச் சூழ்ந்து, குறைந்தது 250 பேரைக் கொன்றது. பெண்களும் குழந்தைகளும் அதில் பலர். இறந்த படையினர் முகாமின் இடுகாட்டில் மரியாதையோடு அடக்கமானார்கள். கானரும் பிறகு அங்கேயே. கொலை நடந்த இடத்தில் 1932இல் முன்னோடிச் சங்கங்கள் வைத்த பலகை அதைப் போர் என்றது, இறந்த பெண்களையும் குழந்தைகளையும் போரிட்டவர்கள் என்று கணக்கெழுதியது. 1953இல் இன்னொரு பலகை: காயம்பட்ட படையினரைப் பராமரித்த குடியேறிப் பெண்களுக்கு நன்றி. 1990இல் மத்திய அரசு அதைத் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தபோதுதான் படுகொலை என்ற சொல் அதிகாரபூர்வமாக ஏறியது. 2018இல் வடமேற்கு ஷோஷோனி மக்கள் அந்த நிலத்தில் 500 ஏக்கருக்கு மேல் தங்கள் சொந்தப் பணத்தில் திரும்ப வாங்கினார்கள்.

அப்படியானால் பொய்யான பலகைகளைப் பிடுங்கி எறிந்துவிடலாமே என்று கேட்பவர்களும் உண்டு. மற்ற மேற்கு நகரங்கள் அந்த வழிக்குப் போயிருக்கின்றன: சான் ஃபிரான்சிஸ்கோ 2018இல் தன் முன்னோடி நினைவுச்சின்னத்திலிருந்து ஒரு பழங்குடி மனிதரைத் தரையில் கிடத்திக்காட்டிய சிலைத்தொகுதியை அகற்றியது; டென்வர் 2020இல் தன் நினைவுச்சின்னத்தின் உச்சியிலிருந்த கிட் கார்சனை இறக்கியது. ஒருவரை மிதித்து நிற்கும் சிலைக்கு அது பொருந்தலாம். சொற்கள் உள்ள பலகைக்கு அது பொருந்தாது என்பது என் கருத்து. 1932 பலகையை எடுத்துவிட்டால், 1863இல் கொன்றவர்களின் செயல் ஆவணங்களில் இருக்கும்; ஆனால் எழுபது ஆண்டுகள் கழித்து, கொலைக்குத் தொடர்பே இல்லாத நல்ல குடும்பப் பெண்கள் அதை எவ்வளவு சாதாரணமாக நியாயப்படுத்தினார்கள் என்பதற்கான கண்முன் சான்று போய்விடும். அதை அப்படியே தனியாக விட்டுவைப்பதும் நடுநிலை இல்லை. வெண்கலம் தினந்தோறும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருக்கும். அதன் பக்கத்திலேயே பதில் நிற்க வேண்டும், பதிலின் ஆண்டும் தெளிவாகத் தெரிய வேண்டும்.

பூமியும் சில நேரம் பதில் சொல்கிறது. குடியேறியவர்களின் முதல் கோட்டை இருந்த இடம் 1898 ஜூலை 24 அன்று பூங்காவாகத் திறக்கப்பட்டது. பெயர் பயனியர் பார்க். 1986இல் அதற்குப் பக்கத்தில் கட்டடத்துக்காகத் தோண்டியபோது முப்பதுக்கும் மேற்பட்டவர்களின் எலும்புகள் வெளிப்பட்டன. கோட்டைக்காலத்து இடுகாடு, நகரமே மறந்துபோயிருந்தது. பலர் குழந்தைகள். இத்தனை முன்னோடி பக்தியுள்ள ஊரில் முதல் முன்னோடிகளின் கல்லறை மேல் குறி இல்லாமல் தெருவும் கட்டடமும் ஓடியிருக்கின்றன. பிள்ளைச் சாவுகளை நட்டுவைக்க எந்த விழாவும் இருக்கவில்லை. எலும்புகளை எடுத்து மறு ஆண்டு எமிக்ரேஷன் கணவாயின் வாயில் உள்ள பூங்காவில் மறுபடி அடக்கம் செய்தார்கள்.

அதே பூங்காவில்தான் 2022 ஜூலையில் புதிய வெண்கலச் சிலைகள் எழுந்தன: கிரீன் ஃபிளேக், ஹார்க் வேல்ஸ், ஆஸ்கர் ஸ்மித், ஜேன் மேனிங் ஜேம்ஸ். முதல் மூவரும் 1847 முதல் கூட்டத்தில் வந்த கறுப்பர்கள், அடிமைகள். கிரீன் ஃபிளேக் முன்னணியோடு, தலைவருக்கு முன்பே, பள்ளத்தாக்கில் கால்வைத்தவர். சொல்லின் நேர்ப்பொருளில் முன்னோடி. 1852இல் யூட்டா சட்டமன்றம் அடிமை முறைக்குச் சட்ட வடிவம் கொடுத்தது. பத்து ஆண்டு கழித்து 1862இல் அமெரிக்கக் காங்கிரஸ்தான் அதை முடித்துவைத்தது. நகரின் நடுவே, 1897 விழாவில் திறந்த பிரிகாம் யங் சிலையின் பீடத்திலும் இதே மூவரின் பெயர் இருக்கிறது, முதல் கூட்டத்தின் பட்டியலில், நிறம் கொண்ட வேலைக்காரர்கள் என்ற தனி அடைப்பின் கீழ். அங்கே ஹார்க்கின் பெயர் லே, ஆஸ்கரின் பெயர் கிராஸ்பி. இரண்டும் அவர்களை வைத்திருந்தவர்களின் குடும்பப் பெயர்கள். ஒரே நகரத்தில், சில மைல் இடைவெளியில், ஒரே மனிதர்கள் இரண்டு பெயர்களில் நிற்கிறார்கள். யங் சிலையை 1993இல் போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று நாற்சந்தியிலிருந்து கொஞ்சம் வடக்கே நகர்த்தியபோது எழுத்துகள் அப்படியே கூடவே நகர்ந்தன. 1897 விழாவுக்கு வந்திருந்த, அப்போதும் உயிரோடிருந்த முன்னோடிகளில் ஒருவர் கிரீன் ஃபிளேக்.